சினையா, வெறுமாடா?

(எளாவூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பேசியது. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



கவிதை வாசிப்பான் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இன்றைக்கு நான் மாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் மாட்டுச் சினையைப் பற்றி. ஒரு மாடு சினை பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எத்தனை நாளில் தெரிந்துகொள்ள முடியும், எப்படித் தெரிந்துகொள்வது, அதை யார் சொல்வது. இவ்வளவுதான் விஷயம். பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரிங்க. தலித் விடுதலைக்கும் மாட்டுச் சினைக்கும் இன்னாப்பா சம்பந்தம் என்று கூட வந்த நண்பரே ரயிலில் கேட்டார். கும்மிடிப்பூண்டி தாண்டி எளாவூர் வருவதற்குள் அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இப்போது கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நம்முடைய கவிதைகளிலும் கதைகளிலும் மாடு எப்போது வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் செத்த பிறகுதான் வருகிறது. தோலாக, பறையாக, கறியாக, தூக்கிப் போடச் சொல்லி ஊர் ஏவுகிற பிணமாக. அது நியாயம்தான். செத்த மாட்டு இறைச்சியை விடுங்கள் என்று 1927இல் மகாடு மாநாட்டில் அம்பேத்கர் சொன்னதிலிருந்து, 2016இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தது வரை, நம் வரலாற்றில் செத்த மாடு ஒரு பெரிய அத்தியாயம். ஆனால் உயிரோடு கொட்டகையில் நிற்கிற மாடு? அதற்கு வாங்குகிற கடன், போடுகிற ஊசி, கறக்கிற பால், அதை ஊற்றுகிற சங்கம், இவற்றுக்குள் சாதி எப்படி வேலை செய்கிறது என்று நாம் குறைவாகத்தான் எழுதியிருக்கிறோம். நானும் எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் வெட்கம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1998. நான் நாலாம் வகுப்பு. அப்போது ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று இருந்தது. 1978இல் தொடங்கி, 1980இல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் வந்து, 1999இல் வேறு திட்டத்துக்குள் கரைந்து போனது. அதில் அம்மாவுக்குக் கறவை மாட்டுக் கடன் கிடைத்தது. நைனா உருக்காலை ஒன்றில் ஒப்பந்தக் கூலி. அம்மா சந்தைக்குப் போனாள். உங்களுக்குத் தெரியும், சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார். பொம்பளை விரலை யார் பிடிப்பது? அதனால் ஊர்க்காரர் ஒருவர் எங்களுக்காகப் பிடித்தார். கலப்பின மாடு, ரெண்டாம் ஈத்து முடிந்தது, அஞ்சு மாசம் சினை என்று சொன்னார்கள். சினை மாட்டுக்கு விலை கூட. கொடுத்தோம்.

அஞ்சு மாசம் அம்மா அந்த மாட்டைச் சீராடினாள். தவிடு, பிண்ணாக்கு, கூலிக்குப் போன இடத்தில் கெஞ்சிக் கேட்ட வரப்புப் புல். வயிறு பெருத்தது. மடி இறங்கவில்லை. தெருவே வந்து பார்த்து ஆளுக்கு ஒன்று சொன்னது. கடைசியில் நைனா சைக்கிளை மிதித்துப் போய் டாக்டரைக் கூப்பிட்டு வந்தார். அவர் சேரிக்குள் வரவில்லை. மாட்டை ரோட்டுக்கு ஓட்டி வரச் சொன்னார். ஓட்டிப் போனோம். சட்டையைக் கழட்டி, சோப்பு தடவி, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். அன்றைக்குக் கையுறை இல்லை. "ஒண்ணும் இல்லம்மா, வெறுமாடு" என்றார். அம்மா ஒரு குடம் தண்ணியோடு நின்றாள். கை கழுவ. அவர் அந்தக் குடத்தைப் பார்த்தார். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சாணி வழிகிற கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊர்த்தெரு முனையில் இருந்த குழாய் வரைக்கும் நடந்துபோய்க் கழுவினார்.

தோழர்களே, மாட்டுக் குடலுக்குள் தோள் வரை போகக் கூசாத கை, எங்கம்மா குடத்துத் தண்ணிக்குக் கூசியது. இதை நான் இருபத்தைந்து வருசத்துக்கும் மேலாக எங்கேயும் எழுதவில்லை. எழுதப் போனால் கோபம் வந்து கவிதை கெட்டுப்போகும்.

பிறகு நடந்தது சாதாரணக் கதை. தவணை கட்ட அம்மாவின் கம்மல் போனது. மாட்டைப் பாதி விலைக்கு அதே தரகரே வாங்கிக்கொண்டு போனார். தெருவில் சிலர் அம்மாவுக்குக் கைராசி இல்லை என்றார்கள். மலடு என்கிற வார்த்தையை நம் சமூகம் மாட்டுக்கும் சொல்லும், பொம்பளைக்கும் சொல்லும். ஏமாற்றியவன் தரகன், பழி அம்மாவுக்கு.

இப்போது நான் வங்கியில் எழுத்தர். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கறவை மாட்டுக் கடன் என்று ஒரு அக்கா வந்தால் எனக்கு அந்தக் குடம் ஞாபகம் வரும். மாடு சினை என்று வெறும் வாயால் சொல்லித்தான் இன்றைக்கும் பல இடங்களில் விலை ஏறுகிறது. பால் வந்தாலும் வராவிட்டாலும் தவணை ஓடும். தவணை நின்றால் 90 நாளில் வாராக்கடன். ஒரு சேரியில் நாலு கணக்கு அப்படிப் போனால், "அந்த ஏரியா ஆளுங்களுக்குக் குடுத்தா திரும்பாது" என்று ஒரு வாக்கியம் உருவாகிவிடும். அந்த வாக்கியத்தை எந்த ஃபைலிலும் எழுத மாட்டார்கள். ஆனால் அடுத்த விண்ணப்பத்தை அதுதான் தீர்மானிக்கும். ஒரு மாட்டின் கர்ப்பப்பை காலியாக இருந்தது யாருக்கும் தெரியாமல் போனதற்கு, ஒரு சாதியே நாணயம் இல்லாத சாதி ஆகிவிடுகிறது.

அதனால்தான் சொல்கிறேன், சினைப் பரிசோதனை கால்நடைத் துறையின் விஷயம் மட்டுமல்ல. நம்முடைய விஷயம்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். வங்கிக்காரன் வந்தால் கணக்கு இல்லாமல் போக மாட்டான்.

பசுவுக்கு சராசரியாக 21 நாளைக்கு ஒரு தடவை பருவம் வரும். 18லிருந்து 24 நாள் வரை முன்னே பின்னே இருக்கும். பருவம் நிற்பது அரை நாள், மிஞ்சினால் முக்கால் நாள். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி என்பார்கள். ஊசி போட்டது பிடித்தால் சுமார் 280 நாளில் கன்று. எருமைக்கு சுமார் 310 நாள். ஆட்டுக்கு 150.

பிடிக்கவில்லை என்றால்? 21ஆம் நாள் மறுபடி கத்த வேண்டும். கத்தினால் நல்லது, உடனே தெரிந்துவிடும். ஆனால் பல மாடுகள் கத்தாது. ஊமைப் பருவம். தீனி பத்தாத மாடு, தாது உப்பு கிடைக்காத மாடு, வெயிலில் வாடிய மாடு இப்படித்தான் இருக்கும். ராத்திரியில் பருவம் வந்து விடிவதற்குள் போய்விடுவதும் உண்டு. பகலெல்லாம் கூலி வேலைக்குப் போகிறவள் எப்படிக் கவனிப்பாள்? மாடு கத்தவில்லை, ஆகவே சினை என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு கணக்குக்காக, பால் வற்றிய மாட்டுக்கு ஒரு நாள் தீனிச் செலவு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்பது 30ஆம் நாளே தெரிந்தால், 42ஆம் நாள் வருகிற பருவத்தில் மறுபடி ஊசி போடலாம். 90ஆம் நாள்தான் தெரிகிறது என்றால், அடுத்த பருவம் 105ஆம் நாள். நடுவில் வீணாய்ப் போனது 63 நாள். 63ஐ 150ஆல் பெருக்கினால் 9,450 ரூபாய். எங்கம்மா மாதிரி ஆறு மாசம் காத்திருந்தால் 189ஆம் நாள்தான் அடுத்த வாய்ப்பு. வீண் 147 நாள், 22,050 ரூபாய். இதில் வராத பாலின் விலையைச் சேர்க்கவில்லை, வட்டியைச் சேர்க்கவில்லை. பத்து மாடு வைத்திருப்பவனுக்கு ஒன்று காலியானால் ஒன்பது கறக்கும். ஒரே ஒரு மாடு வைத்திருப்பவளுக்கு ஒன்று காலியானால் எல்லாமே காலி. அறிவியல் தாமதமாக வருவதன் விலையை ஏழைதான் அதிகமாகக் கொடுக்கிறாள்.

சரி, சீக்கிரம் தெரிந்துகொள்ள என்ன வழிகள் இருக்கின்றன? நாலைந்து சொல்கிறேன். நோட்டு வைத்திருக்கிற தம்பிகள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, அந்த டாக்டர் செய்தது. ஆசனவாய் வழியாகக் கையை விட்டு, குடல் சுவருக்குக் கீழே இருக்கிற கர்ப்பப்பையைத் தடவிப் பார்ப்பது. கை பழகிய மருத்துவர் 45 நாளிலேயே சொல்லிவிடுவார். பொதுவாக 60 நாளுக்கு மேல்தான் உறுதியாகச் சொல்வார்கள். கருவி வேண்டாம், செலவு குறைவு. ஆனால் கை பழகியிருக்க வேண்டும். பழகாத கை முரட்டுத்தனமாகப் போனால் கருவுக்கே கெடுதல்.

இரண்டாவது, ஸ்கேன். 28, 30 நாளிலேயே கருவையும் அதன் இதயத் துடிப்பையும் பார்க்கலாம். கையில் பிடித்துக்கொள்கிற அளவுக்குக் கருவி வந்துவிட்டது. ஆனால் விலை அதிகம்.

மூன்றாவது, பாலைச் சோதிப்பது. இதைப் புரிந்துகொள்ள உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கருமுட்டை வெளியான இடத்தில் சினைப்பையில் மஞ்சளாக ஒரு கட்டி உருவாகும். அது புரோஜெஸ்டிரோன் என்கிற இயக்குநீரைச் சுரக்கும். கரு இல்லாவிட்டால் 17, 18 நாளில் அந்தக் கட்டி கரைந்து அடுத்த பருவம் வரும். கரு இருந்தால், சுமார் 16ஆம் நாளில் அந்தக் கடுகளவு உயிர் "நான் இங்க இருக்கேன், கலைச்சிடாதே" என்று தாய்க்கு ஒரு புரதத்தை அனுப்பிச் செய்தி சொல்லும். கட்டி கரையாது. அதனால் 21லிருந்து 24 நாளுக்குள் பாலில் புரோஜெஸ்டிரோன் அளவு குறைவாக இருந்தால் சினை இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். அதிகமாக இருந்தால் சினை என்று முழுசாக நம்பக்கூடாது, பருவச் சுற்று முன்னே பின்னே ஆகியிருக்கலாம். அதாவது இந்தச் சோதனை "இல்லை" என்பதைத்தான் நன்றாகச் சொல்லும்.

நாலாவது, ரத்தத்திலோ பாலிலோ நஞ்சுக்கொடி சுரக்கிற ஒருவகைப் புரதத்தைத் தேடுவது. ஊசி போட்ட 28 நாளுக்குப் பிறகு செய்யலாம். ஒரு எச்சரிக்கை. போன ஈத்தின் புரதம் கன்று போட்ட பிறகும் இரண்டு மாசம் வரை ரத்தத்தில் தங்கியிருக்கும். அதனால் புதுசாகக் கன்று போட்ட மாட்டில் இது தப்பாகச் சொல்லிவிடும்.

ஒரு தங்கை கேட்கலாம், பொம்பளைங்களுக்கு மருந்துக்கடையில் ஒரு பட்டை விற்கிறதே, சிறுநீரில் நனைத்தால் ரெண்டு கோடு வருமே, அதை மாட்டுக்குப் போட்டால் என்ன? வராது. அந்தப் பட்டை தேடுகிற இயக்குநீர் மனிதர்களிடமும் குரங்கினத்திலும்தான் உண்டு. பசுவிடம் அது இல்லை. பசுவை எவ்வளவு பெரிய தாய் என்று கும்பிட்டாலும் அதற்கு மனுஷத் தாயின் இயக்குநீர் சுரக்காது.

ஐந்தாவது ஒன்று, விலையே இல்லாதது. எகிப்தில் 3,000 வருசத்துக்கும் முன்பு எழுதப்பட்ட பாப்பிரஸ் ஏட்டில் ஒரு முறை இருக்கிறது. கோதுமையிலும் வாற்கோதுமையிலும் பெண்ணின் சிறுநீரை ஊற்று, முளைத்தால் கர்ப்பம் என்று. இதை மாட்டுக்குச் செய்து பார்த்து 1993இல் பெங்களூரில் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். மாட்டில் தலைகீழாக வந்தது. சினை மாட்டின் சிறுநீரில் கோதுமை சரியாக முளைப்பதில்லை. கன்னட நாட்டுப்புறக் கதையில் வருகிற பசுவின் பெயரால் இதற்குப் புண்ணியகோடி சோதனை என்று பேர். காசு வேண்டாம், டாக்டர் வேண்டாம், மாட்டைத் தொடக்கூட வேண்டாம். ஆனால் விதை, தண்ணீர் அளவு, வெயில் எல்லாவற்றையும் பொறுத்து மாறுகிறது. பல இடங்களில் பல மாதிரி முடிவு வந்திருக்கிறது. வீட்டில் செய்து பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள். பழசு என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம், நம்ம நாட்டுது என்பதற்காகத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். மாட்டு மூத்திரத்தைக் குடித்தால் எல்லா நோயும் போகும் என்று சொல்கிறவர்கள் இருக்கிற நாட்டில், அதே மூத்திரத்தைக் கோதுமையில் ஊற்றி எண்ணிப் பார்க்கிறது அறிவியல். எண்ணிப் பார்ப்பவன் பக்கம் நாம் நிற்க வேண்டும்.

இன்னும் ரெண்டு விஷயம் மறக்கக் கூடாது. ஒன்று, 30 நாளில் சினை என்று சொன்னாலும், அதன் பிறகு சில கருக்கள் உள்ளேயே அழிந்துபோகும். அதனால் 60லிருந்து 90 நாளுக்குள் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். இரண்டு, மாடு கத்தவில்லை என்று பருவத்துக்கு வரவைக்க ஒரு ஊசி போடுவார்கள். மாடு ஏற்கெனவே சினையாக இருந்தால் அந்த ஊசி கருவைக் கலைத்துவிடும். பரிசோதிக்காமல் அந்த ஊசியைப் போட விடாதீர்கள். "சார், மொதல்ல பாத்துட்டுப் போடுங்க" என்று சொல்வதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

இப்போது அரசியலுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் பேசியதும் அரசியல்தான்.

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. 1989இல் தமிழ்நாட்டில் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வந்தது, இந்தியாவில் அப்படி வந்த முதல் பல்கலைக்கழகம். கல்லூரி இருப்பது வேப்பேரியில். எளாவூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பக்கம். சுமார் 50 கிலோமீட்டர். 1998இல் அந்தக் கல்லூரிக்கு வயசு 95. அந்த 95 வருச அறிவு எங்கம்மா மாட்டுக்கு ஆறாவது மாசம்தான் வந்து சேர்ந்தது, அதுவும் ரோட்டோரம் வரைக்கும்தான். சேரிக்குள் வரவில்லை. தூரம் கிலோமீட்டரில் இல்லை தோழர்களே.

அடுத்தது பால். மாடு சினை பிடித்து, கன்று போட்டு, கறக்கத் தொடங்கிவிட்டது. பாலை எங்கே ஊற்றுவது? கிராமப்புறத் தீண்டாமை பற்றி 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2006இல் புத்தகமாக வந்தது. கிட்டத்தட்ட பாதிக் கிராமங்களில் தலித்துகள் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் விற்க முடியவில்லை என்று அது பதிவு செய்தது. மாட்டுக்குச் சாதி இல்லை. அதன் பாலுக்கு இருக்கிறது. கறந்த கையின் சாதி பாலில் ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாவது, "இல்லை" என்கிற பதில். சீக்கிரப் பரிசோதனையின் முழு லாபமும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. மாடு வெறுமாடு என்று தெரிந்தால் மறுபடி ஊசி போடலாம், மருந்து பார்க்கலாம். திரும்பத் திரும்பப் பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு வேறு வாங்கலாம். விற்க முடியுமா? தமிழ்நாட்டில் 1958ஆம் வருசச் சட்டப்படி, 10 வயதுக்கு மேலாகி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாது என்று சான்று பெற்ற மாட்டை வெட்டலாம். 1976இல் ஓர் அரசாணை இறைச்சிக்கூடங்களில் பசுவையும் கிடாரியையும் வெட்டத் தடை போட்டது. 2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் மாட்டை வெட்டுக்கு விற்கவே கூடாது என்று ஒரு விதி கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இந்த எளாவூர் சோதனைச் சாவடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மாடு ஏற்றிய வண்டி என்றால் எத்தனை கேள்வி, எத்தனை கை நீளும் என்று. இதையெல்லாம் பசுப் பாதுகாப்பு என்று பேசுகிறார்கள். நான் கணக்காகப் பேசுகிறேன். கறக்காத, சினை பிடிக்காத மாட்டை விற்க முடியாவிட்டால் அதற்குத் தீனி போடுவது யார்? பசுவைத் தாய் என்கிறவர் போடமாட்டார். கம்மலை அடகு வைத்தவள்தான் போட வேண்டும்.

நாலாவது, தீனி. மாடு ஏன் சினை பிடிக்கவில்லை என்று கேட்டால் டாக்டர் சொல்கிற முதல் காரணங்களில் ஒன்று, பசுந்தீனி போதவில்லை, தாதுச்சத்து போதவில்லை என்பது. பசுந்தீனிக்கு நிலம் வேண்டும். நமக்கு எது நிலம்? மேய்க்கால் புறம்போக்குதான் நம் நிலம். இதே கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை இருக்கிறது. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழ்கிற ஊர். அவர்கள் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய 1,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் சிப்காட்டுக்குப் போனது. 2009இல் மிஷெலின் டயர் கம்பெனி அங்கே ஆலை கட்ட அரசோடு ஒப்பந்தம் போட்டது. மக்கள் போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். 2012இல் ஊர்ச் சங்கம் பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து பிரான்சு வரைக்கும் முறையீட்டைக் கொண்டுபோனது. நாம் அதைத் தொழிற்சாலை எதிர்ப்பு, நில உரிமை என்று பேசினோம். சரிதான். அதோடு இதையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும்: மேய்ச்சல் போனால் மாட்டின் பருவம் தப்பும், பருவம் தப்பினால் சினை தப்பும், சினை தப்பினால் தவணை தப்பும். பரிசோதனைக் கருவி, காலி என்று சொல்லும். ஏன் காலி என்று சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

2011 செப்டம்பரில் அரசு விலையில்லாக் கறவை மாடு, ஆடு திட்டத்தை நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஐந்து வருசத்தில் 60,000 மாடு என்று அறிவித்தார்கள். நிலமில்லாத பெண்கள் கைக்கு மாடு வந்தது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன், மாடு வைத்திருக்கவே கூடாது என்று இருந்த தெருக்களில் மாடு நின்றது சின்ன விஷயமில்லை. ஆனால் மாட்டைக் கொடுப்பது ஒரு நாள் விழா. மாட்டை 21 நாளைக்கு ஒரு தடவை பார்ப்பது தினசரி வேலை. விழாவுக்கு மைக் இருக்கும், தினசரி வேலைக்கு ஆள் இருக்காது.

அப்படியானால் என்ன கேட்பது? என் பட்டியல் இது. விவாதியுங்கள், திருத்துங்கள்.

கடனிலோ மானியத்திலோ சினை மாடு என்று வாங்கினால், விலை பேசும் முன் மருத்துவர் பரிசோதித்து எத்தனை மாசம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு கடனிலேயே சேர வேண்டும். தவணை பால் வருகிற நாளிலிருந்து ஓட வேண்டும்.

ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஸ்கேன் வேண்டும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் மருத்துவ வண்டி வரும் என்கிறார்கள். அது சேரிக்குள் வருகிற வண்டியாக இருக்க வேண்டும். வந்து போகும் நாளை ஊர்த்தெருவில் மட்டுமல்ல, காலனிப் பலகையிலும் எழுதிப் போட வேண்டும்.

கிராமத்தில் செயற்கைக் கருவூட்டல் செய்ய ஆட்களுக்குப் பயிற்சி தருகிற மைத்ரி என்ற மத்தியத் திட்டம் இருக்கிறது. அதில் நம் பெண்கள் போக வேண்டும். மாட்டைத் தினம் பார்க்கிறவள் அவள்தான். ஊசியும் அவள் கையில் இருந்தால் என்ன?

வேப்பேரியில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இட ஒதுக்கீட்டில் போனவன் என்று அங்கே உங்களைக் குத்திக் காட்டுவார்கள், தெரியும். படித்து முடித்து நீங்கள் ஏதாவது ஒரு காலனிக்குள் போய் மாட்டைப் பாருங்கள். பார்த்து முடித்ததும் அங்கே நிற்கிற அம்மாவின் குடத்தில் கை கழுவுங்கள். அது போதும்.

கடைசியாக, அம்மா. அந்த மாடு போன பிறகு ஏழு வருசம் அவள் மாடே வாங்கவில்லை. பிறகு ஒரு கிடாரிக் கன்றாக வாங்கினாள். "சினைன்னு சொல்லி எவனும் என்கிட்ட விக்க வேணாம், நானே பாத்துக்கிறேன்" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாது. தினசரி காலண்டர் ஒன்றை அடுப்பங்கரையில் மாட்டினாள். ஊசி போட்ட நாளில் கரியால் ஒரு கோடு. அதிலிருந்து 21ஆம் நாளில் ஒரு புள்ளி, 42ஆம் நாளில் ஒரு புள்ளி. புள்ளி வருகிற நாளில் கூலிக்குப் போக மாட்டாள். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து லைட் அடித்துப் பார்ப்பாள். ரெண்டு புள்ளி தாண்டியும் கத்தவில்லை என்றால்தான் டாக்டரைக் கூப்பிடுவாள். "சார், இன்னியோட அறுபத்தி அஞ்சி நாளு, கை வுட்டுப் பாருங்க" என்று அவளே தேதி சொல்வாள். டாக்டர்கள் மாறினார்கள். இப்போது வருகிறவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். எல்லாமே மாறிவிட்டது என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. அறிவு தன் கையில் இருந்தபோது அம்மா அவர் எதிரே நின்ற விதம் மாறியது. அதைச் சொல்கிறேன்.

எனவே கூட்டம் முடிந்து போகும்போது ஒரு வேலை. உங்கள் தெருவில் எத்தனை மாடு, எது எப்போது ஊசி போட்டது, எதைப் பரிசோதித்தார்கள், எதைப் பரிசோதிக்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். மருந்தகத்துக்கும் வங்கிக்கும் மனு எழுத அதுதான் ஆதாரம். மனுவை நான் எழுதித் தருகிறேன். கவிதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெய் பீம்.